கூட்டத்துக்கு வராதவர்களிடமிருந்து தொடங்குங்கள்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் எட்டு ஊர்களில் இரண்டு வருடமாக ரத்தசோகை, கை கழுவுதல், கர்ப்பிணிகளின் சாப்பாடு என்று கூட்டம் போட்டும் வீடு வீடாகப் போயும் வேலை செய்திருக்கிறீர்கள். இப்போது நிதி கொடுத்தவர்கள் "பலன் என்ன, கற்றுக்கொண்டது என்ன" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். கையில் இருப்பது வருகைப் பதிவேடும் புகைப்படங்களும்தான், இதை வைத்து எப்படி மதிப்பிடுவது, மற்ற ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) ஆதிவாசி ஊர்களிலும் பல வருடம் இந்த வேலையில் இருந்தவன். நான் முதலில் சேர்ந்த அமைப்பிலும் பதிவேடும் படமும்தான் சேர்த்து வைத்திருந்தோம், அதனால் எங்கே சறுக்கும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் இதுதான்: வந்தவர்களை எண்ணியது போதும், வராதவர்களைத் தேடிப் போங்கள். அங்கே தெரிய வருவதை முதலில் அந்த ஊருக்கே சொல்லுங்கள், நிதி கொடுத்தவர்களுக்கு அப்புறம் சொல்லலாம்.

முதலில் மூன்று விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்தது ஒன்று, அதனால் அவர்கள் செய்ய ஆரம்பித்தது இன்னொன்று, அது அவர்கள் உடம்பில் தெரிந்தது மூன்றாவது. எத்தனை கூட்டம், எத்தனை பேர், எத்தனை நோட்டீஸ் என்பதெல்லாம் முதல் கணக்கு. பெரும்பாலான அறிக்கைகள் இந்த முதல் கணக்கை எழுதிவிட்டு நேராக மூன்றாவதுக்குத் தாவிவிடும், "இதன் மூலம் ரத்தசோகை குறைந்தது" என்று. நடுவில் இருப்பதுதான் உண்மையில் உங்கள் கைக்கு எட்டக்கூடிய இடம். இரண்டு வருடத்தில், எட்டு ஊரில், ஒரு சிறிய குழுவால் நம்பி அளக்கக்கூடியதும் அதுதான்.

ஒரு எஸ்டேட் லைனில் நடந்ததைச் சொல்கிறேன். ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை பற்றி மாதாமாதம் பேசி வந்தோம், எங்கள் பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் "மாத்திரை சாப்பிடுறீங்களா அக்கா" என்று கேட்டு டிக் போட்டு வந்தார், கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் டிக். ஒரு தடவை அவருக்குப் பதிலாக வேறு ஊரில் வேலை பார்க்கும் பெண்ணை அனுப்பினோம். அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல், "மாத்திரையை எங்க வெச்சிருக்கீங்கக்கா, கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டார். கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா அரிசி டப்பாவுக்கு மேலே இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். மூடி வரைக்கும் மாத்திரை அட்டைகள், ஒன்றிரண்டைத் தவிர எதுவும் பிரிக்கப்படவில்லை. "அப்ப ஏன் சாப்பிடுறேன்னு சொன்னீங்க" என்று கேட்டதற்கு அந்த அக்கா சொன்னது இது: "அந்தப் புள்ள மழையில நடந்து வந்து கேக்குது, இல்லன்னு சொன்னா அதை யாராவது திட்டுவாங்கல்ல."

காரணம் கேட்டால் அதுவும் நியாயமாக இருந்தது. காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, ஓட வேண்டும், வயிற்றில் கட்டன் சாயா மட்டும்தான் இருக்கும், அதோடு மாத்திரை போட்டால் குமட்டும், சரிவில் கொழுந்துப் பையோடு நிற்கும்போது வாந்தி வந்தால் என்ன செய்வது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. டீயில் இருக்கும் டானின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது, அதனால் மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. தேயிலைக்காட்டில் வாழும் மக்களிடம் இரும்புச்சத்து பற்றி இரண்டு வருடம் பேசியிருக்கிறோம், டீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! எங்கள் படப் புத்தகத்தில் கீரையும் பேரீச்சம்பழமும் இருந்தது. அந்தப் பாட்டிலைப் பார்த்த பிறகுதான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றினோம். அப்புறம் போனபோது அந்த அக்கா காலி அட்டைகளை ரப்பர் போட்டுக் கட்டி எடுத்து வைத்திருந்தார்.

அதனால் நடுக் கணக்கை எடுக்கும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சொல்லிக் கொடுத்தவரே போய்க் கேட்கக் கூடாது, ஊரை மாற்றி அனுப்புங்கள். அப்புறம், செய்கிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதைப் பாருங்கள். கை கழுவுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் மனிதர் உலகத்திலேயே கிடையாது. கழிப்பறைக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா, அது நனைந்திருக்கிறதா காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி கொட்டும் காலத்தில் விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால் சோப்பு ஏன் காய்ந்து கிடக்கிறது என்று புரியும். அங்கே குறை விழிப்புணர்வில் இல்லை, வெந்நீரில், விறகில் இருக்கிறது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினால் அதுவே அடுத்த ஊர்க்காரருக்குப் பெரிய பாடம்.

இனி வராதவர்கள் விஷயம். உங்கள் வருகைப் பதிவேட்டை எடுங்கள், பக்கத்தில் ஊரின் வீட்டுப் பட்டியலை வையுங்கள். பட்டியல் இல்லையென்றால் அங்கன்வாடி ஊழியரிடம் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும், கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்கும். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பெயர் வராத வீடுகளைச் சிவப்பில் குறியுங்கள். பெரும்பாலும் அந்தச் சிவப்பு ஒரே இடத்தில் கூடி நிற்கும். ஓடைக்கு அப்பால் இருக்கும் ஐந்து வீடு, சாயங்காலம் காட்டெருமை நிற்கும் வழியைத் தாண்டி இருக்கும் வீடுகள், பகலில் எல்லோரும் தோட்ட வேலைக்குப் போய்விடும் லைன். இப்போதெல்லாம் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து வந்து எஸ்டேட்டில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள் எத்தனையோ பேர், தமிழில் நடக்கும் கூட்டத்துக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஆதிவாசிகள் வீட்டில் பேசுவது வேறு மொழி. உங்கள் பக்கம் இருளர், குறும்பர் ஊர்கள் இருந்தால் அங்கேயும் இதைப் பாருங்கள். இருபது கூட்டத்துக்கு முப்பது முப்பது பேர் வந்தால் பதிவேட்டில் 600 என்று நிற்கும், ஆனால் அது அதே நாற்பது பேர் திரும்பத் திரும்ப வந்ததாக இருக்கலாம். வருகைகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள்.

எல்லா வீட்டுக்கும் போக ஆள் இல்லை, பணம் இல்லை என்பீர்கள். தேவையும் இல்லை. குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையை மூட்டை மூட்டையாகவா குடித்துப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் மாதிரி எடுத்துத்தானே தரம் சொல்கிறார்கள். அதே யோசனையில் 1920களில் தொழிற்சாலைச் சரக்கைச் சோதிக்க வந்த முறை ஒன்று பிறகு சுகாதாரத்துக்கும் வந்தது. அந்த முறைப்படி ஒரு ஊருக்கு 19 வீடு போதும். வீட்டு எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள், ரோட்டோரமாக வசதியாக இருக்கும் வீடுகளாகப் பார்த்துப் போகாதீர்கள், அது முழுக் கணக்கையும் கெடுத்துவிடும். 80 சதவீத வீடுகளில் இந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தால், 19இல் 13 வீட்டிலாவது அது இருக்க வேண்டும். 13க்குக் கீழே போனால் அந்த ஊர் இலக்கை எட்டவில்லை என்று எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து யோசியுங்கள். இது ஊருக்குச் சதவீதம் சொல்லும் முறை கிடையாது, எந்த ஊரைக் கவனிக்க வேண்டும் என்று காட்டும் முறை. எட்டு ஊரையும் சேர்த்தால் 152 வீடு வரும், அதில் மொத்தச் சதவீதம் சொல்லலாம், முன்னே பின்னே 8 சதவீதம் தள்ளி வைத்துக்கொண்டு. ஊர்கள் பெரிதும் சிறிதுமாக இருந்தால் வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு கொடுத்துக் கூட்டுங்கள். முப்பது வீடு உள்ள சின்ன ஊரில் குலுக்கல் எதற்கு, எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள்.

"ஆரம்பத்தில் அளக்கவே இல்லையே" என்ற கவலை உங்கள் கேள்வியில் தெரிகிறது. நிறைய பேருக்கு இதே நிலைதான், அதற்காக வேலை மதிப்பில்லாமல் போய்விடாது. அடுத்த வருடம் புதிதாக ஊர்களைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அங்கே வேலை தொடங்கும் முன்பே இதே 19 வீட்டுக் கணக்கை எடுங்கள். பழைய எட்டு ஊரோடு ஒப்பிட அது உதவும், புதிய ஊருக்கு ஆரம்பக் கணக்காகவும் ஆகும், யாருக்கும் சேவையை மறுத்ததாகவும் ஆகாது. ஆனால் ஒரே பருவத்தில் எடுங்கள். கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, ஜூன் முதல் கொட்டித் தீர்க்கும். உங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் பெரிது. பிப்ரவரியில் ஒரு ஊரிலும் மழைக்காலத்தில் இன்னொரு ஊரிலும் வயிற்றுப்போக்கைக் கணக்கெடுத்தால் நீங்கள் அளந்தது மழையைத்தான்.

உடம்பில் தெரிவதை அளக்க ஆசை வரும், குறிப்பாக ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின். இந்த இடத்தில் மலையில் வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயம் இருக்கிறது, சமவெளியில் தயாரித்த பயிற்சிப் புத்தகங்களில் நான் பார்த்தவரை இவை இருப்பதில்லை. ஒன்று உயரம். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறையும், அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்ற கோடு கடல் மட்டத்துக்குத்தான் அப்படியே பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் புதுப்பித்த வழிகாட்டுதல்படி 1,500 முதல் 1,999 மீட்டர் வரை உள்ள ஊரில் அளந்த எண்ணிலிருந்து 1.1 கிராமும், 2,000 முதல் 2,499 மீட்டர் வரை 1.4 கிராமும் கழிக்க வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240. கோத்தகிரியில் ஒரு பெண்ணுக்கு 12.5 காட்டினால் நல்லாயிருக்கிறார் என்று அனுப்பிவிடுவோம், கழித்துப் பார்த்தால் 11.4, அதாவது ரத்தசோகை. எட்டு ஊரும் ஒரே உயரத்தில் இருக்காது, கீழே இருக்கும் ஊரையும் மேலே இருக்கும் ஊரையும் கழிக்காமல் ஒப்பிட்டால் மேல் ஊரில் வேலை நன்றாக நடந்ததாகத் தோன்றும்.

இன்னொன்று சிக்கிள் செல், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ஒரு ரத்த நோய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே நம் நீலகிரி ஆதிவாசி மக்களிடம்தான், 1952இல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த நோய் உள்ளவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருப்பது இரும்புச்சத்துக் குறைவால் இல்லை, சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால். அவருக்கு எத்தனை கீரை சொல்லிக் கொடுத்தாலும் அந்த எண் பெரிதாக ஏறாது. அதை உங்கள் நிகழ்ச்சியின் தோல்வியாகவோ அவருடைய அலட்சியமாகவோ எழுதிவிடாதீர்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். மத்திய அரசின் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியிருக்கிறது, 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கிறார்கள்.

அப்புறம், ரொம்பக் குறைவாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் கழித்து அளந்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் சராசரி கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். விரலில் குத்தி எடுக்கும்போது அன்று தற்செயலாகக் குறைத்துக் காட்டியவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள், அவர்கள் அடுத்த முறை தன் இயல்பான அளவுக்கு வந்துவிடுவார்கள். ஒப்பிடுவதாக இருந்தால் எல்லோரையும் ஒப்பிடுங்கள், ஒரே கருவியில் அளந்து பாருங்கள்.

அந்த முன்னேற்றம் உங்களால்தான் வந்தது என்று எழுதுவதிலும் நிதானம் வேண்டும். அதே ஊரில் 2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்து ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள், அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள், பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். "இவை எல்லாம் நடந்த ஊரில் நாங்களும் இன்னதைச் செய்தோம், எங்கள் பங்கு தெரிவது இந்த இடத்தில்" என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

எண்ணில் வராத ஒன்றும் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 1986இல் ஒட்டாவாவில் எழுதிய பிரகடனம், மக்கள் தங்கள் ஆரோக்கியத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவர உதவுவதுதான் சுகாதார மேம்பாடு என்று சொல்கிறது. அப்படிப் பார்த்தால், நீங்கள் இல்லாத ஒரு நாளில் அந்த ஊர் மகளிர் குழு தாங்களே போய் ஊராட்சியில் மனுக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தார்களா? அது பத்துக் கூட்டத்துக்குச் சமம். இதைப் பிடிக்க 1990களில் வங்கதேசத்தில் உருவான எளிய வழி ஒன்று உண்டு. "இந்த இரண்டு வருடத்தில் உங்களுக்குப் பெரிதாகப் பட்ட மாற்றம் எது, ஏன்" என்று பலரிடம் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வந்த கதைகளில் முக்கியமானது எது என்பதை ஊர்க்காரர்களே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் ஏன் அதை எடுத்தார்கள் என்று சொல்லும் காரணத்தில்தான் நமக்குத் தெரியாத விஷயமெல்லாம் வரும்.

சரி, பகிர்வதற்கு வருவோம். அறிக்கை அச்சாகும் முன்பே ஊருக்குத் திரும்பிப் போங்கள். புரொஜெக்டர் வேண்டாம். நாங்கள் ஒரு ஊரில் முற்றத்தில் பாய் விரித்து, அவரைக்கொட்டையைக் குவித்து வைத்துக் காட்டினோம். ஒவ்வொரு கொட்டையும் ஒரு வீடு, மாத்திரை சாப்பிடும் வீடு இந்தப் பக்கம், சாப்பிடாத வீடு அந்தப் பக்கம். ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து இந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து கொட்டையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். "இந்த வீட்டுக்காரங்க எல்லாம் நீங்க வந்தப்ப தேன் எடுக்க காட்டுக்குப் போயிட்டாங்க, பூட்டின வீட்டை யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றார். பார்த்தால், எங்கள் ஆள் பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டரில் எத்தனை தடவை சரிபார்த்தாலும் இது கிடைத்திருக்காது. அந்த ஊரின் கணக்கைத் திருத்தினோம், பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை திரும்பப் போக வேண்டும் என்ற விதியும் அன்றைக்குத்தான் வந்தது.

ஊருக்கு அடுத்து கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். அவர்களை அறிக்கையில் குறை சொல்லிவிட்டுப் பிறகு காட்டாதீர்கள், முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் பார்க்கும் கஷ்டமும் உள்ளே வரட்டும். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபை இருக்கிறது, இப்போது வருடத்துக்கு ஆறு நாள். அங்கே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, ஊர்ப் பெண் ஒருவரையே பேசச் சொல்லுங்கள். நம் மலையில் இதற்கு நல்ல முன்மாதிரி கூடலூரில் இருக்கிறது. 1990இல் தொடங்கிய அஷ்வினி என்ற சுகாதார அமைப்பு, ஆதிவாசி இளம்பெண்களையே நர்ஸாகவும் ஊர்களில் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தது, வெளியிலிருந்து போகும் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாத வீட்டு நிலவரம் அவர்களுக்குத் தெரியும். நேரில் போய்ப் பாருங்கள்.

மற்ற அமைப்புகளுக்கு எழுதுவது இரண்டு பக்கம் போதும். என்ன செய்தோம், எங்கே, எவ்வளவு செலவு (ஜீப் வாடகையையும் நடந்த நேரத்தையும் மறைக்காமல்), யாருக்குப் போய்ச் சேரவில்லை, எதை நிறுத்திவிட்டோம், எதை மாற்றினோம். எதை நிறுத்தினோம் என்பதுதான் அடுத்தவருக்கு அதிகம் பயன்படும், அதைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுகிறோம். அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொரு குழு அதே படப் புத்தகத்தை அச்சடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சின்ன ஊரில் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். முப்பது வீட்டு ஊரில் "சிக்கிள் செல் உள்ள 22 வயதுப் பெண்" என்று எழுதினால் அது யார் என்று அந்த மலைக்கே தெரியும், அவருடைய கல்யாணப் பேச்சு வரைக்கும் அது போய் நிற்கும். ஊர்ப் பெயரை விட்டுவிடுங்கள், வயதை விட்டுவிடுங்கள், பல ஊரைச் சேர்த்து எழுதுங்கள். அறிக்கை அட்டையில் குழந்தையின் படம் போடும் முன் அந்த அம்மாவிடம் அச்சான தாள் எப்படி இருக்கும் என்று காட்டிக் கேளுங்கள். சும்மா தலையாட்டியதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிதி கொடுத்தவர்களிடம் இரண்டு மாதம் கூடுதலாகக் கேளுங்கள், காரணத்தை உள்ளபடி சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள். இந்த வாரம் வீட்டுப் பட்டியலையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துச் சிவப்புக் குறி போடுங்கள், ஊர் மாற்றிப் போக ஆட்களைப் பிரித்துவிடுங்கள். உங்கள் பக்கம் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டால் மண் சரிந்து ஓடைக்கு அப்பால் இருக்கும் அந்த ஐந்து வீட்டுக்கு வழியே இருக்காது, அதனால் அங்கே முதலில் போய்விடுங்கள்.